முள்ளிலிருந்து தொடங்கு

புதர்ச் செடிகளுக்குப் பேர் சொல்வது என் பிழைப்பு. ஏழாயிரம்பண்ணையில் பிறந்தவன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவான், இல்லாவிட்டால் பட்டாசு ஆபீசுக்குப் போவான். இரண்டும் ஒத்துவராதவன் திருப்பூருக்கு பஸ் ஏறுவான். செடிக்குப் பேர் சொன்னால் சம்பளம் தருவார்கள் என்பதை என் அம்மா கடைசிவரை நம்பவில்லை. "அத யாருலே காசு குடுத்துக் கேப்பா?" என்பாள். கேட்கத்தான் செய்கிறார்கள். ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் இடத்தில், உதவியாளாகச் சேர்ந்தேன். பேராசிரியர்களுக்குப் பின்னால் அழுத்துப் பலகையையும் பழைய பேப்பர் கட்டையும் சுமந்து நடந்தேன். பிறகு தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தேன். சோலார் பலகை வைக்கப்போகும் நிலம், குவாரிக்குக் கேட்கும் மேடு, ரோடு அகலப்படுத்தும் ஓரம் என்று எங்கெல்லாம் கூப்பிடுகிறார்களோ, அங்கே என்னென்ன செடி நிற்கிறது என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். மூலிகை ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் கட்டிக்கொண்டு வருவதையும் பிரித்துப் பார்த்துச் சொல்வேன்.

மரத்தை ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். புல் மிகக் கஷ்டம், ஆனால் புல்லுக்குப் பேர் கேட்டு யாரும் வருவதில்லை. நடுவில் இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் நிற்கிறதே, அந்தப் புதர்தான் வம்பு. எங்கள் கரிசல் காட்டில் தை பிறந்ததும் எல்லாப் புதரும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். பூவும் பிஞ்சும் அந்த மழையை ஒட்டித்தான் அதிகம். வேலை கொடுக்கிறவரோ பங்குனியில் கூப்பிடுவார், சித்திரையில் அறிக்கை கேட்பார்.

புத்தகங்கள் பூவை நம்பி எழுதப்பட்டவை. கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. 1925இல் அவர் காலமானபின் பிஷ்ஷர் முடித்து வைத்தார். இன்றைக்கும் எங்கள் தொழிலில் அதுதான் அடிப்படை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை உருவாக்கிய ஏசுசபைப் பாதிரியார் கே.எம். மேத்யூ 1980களில் தமிழகச் சமவெளித் தாவரங்களைப் படங்களோடு கொடுத்தார். 1999இல் பழனி மலைத் தாவரங்களையும் நூலாக்கினார். இந்த நூல்களில் எதைத் திறந்தாலும் முதலில் கேட்பது பூவைத்தான். இதழ் ஒட்டியிருக்கிறதா, பிரிந்திருக்கிறதா? சூலகம் இதழுக்கு மேலேயா, கீழேயா? சித்திரை வெயிலில் இலையே பாதி உதிர்ந்து நிற்கும் செடியிடம் போய் இதழைக் கேட்டால் என்ன செய்யும்?

அதனால் நான் முள்ளிலிருந்து தொடங்குவேன். கரிசல் புதரில் முக்கால்வாசிக்கு முள் உண்டு. முள் எல்லாம் ஒன்றில்லை. சிலதில் கிளையே கூராகி முள்ளாகும். சிலதில் இலைக்காம்பின் அடியில் இருக்க வேண்டிய செதில் முள்ளாக மாறியிருக்கும். உண்ணிச்செடி மாதிரிச் சிலதில் தண்டின் மேல்தோல் மட்டும் கூராகி நிற்கும். பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் பிய்ந்து வந்துவிடும். முள் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டால் செடியின் குடும்பம் பாதி தெரிந்த மாதிரி.

சூரையும் தொரட்டியும் எட்ட நின்று பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் வேட்டியைப் பிடித்தால் விடாது. கிட்டே போய்க் கணுவைப் பார்க்க வேண்டும். சூரையில் கணுவுக்கு ஒரே முள், கொக்கியாக வளைந்திருக்கும். தொரட்டியில் இரண்டு முள், இரண்டும் கொக்கி. இலந்தையில் பெரும்பாலும் இரண்டு இருக்கும், ஒன்று நேர், மற்றது வளைவு. ஐயம் தீரவில்லையா, விழுந்து கிடக்கும் சருகை எடுத்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். இலந்தைக்கும் சூரைக்கும் இலையடியிலிருந்தே மூன்று நரம்பு கிளம்பும். தொரட்டிக்கு நடுவில் ஒன்றுதான். சருகும் சாட்சி சொல்லும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. அவர்கள் பச்சை இலையைத்தான் தேடுகிறார்கள்.

காரைக்கு இலைகள் எதிரெதிராக இருக்கும், ஒவ்வொரு இலைக்கு மேலும் நேரான முள் ஒன்று. காப்பிச் செடியின் குடும்பம் அது. எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டின்மேல் ஒரு சிறு செதில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். சங்கஞ்செடிக்குக் கணுவுக்கு நான்கு முள். இலை நுனியிலும் ஊசி. களாவை ஒடித்தால் பால் வரும். முள்ளுப்பூலாவுக்குத் தனியாக முள்ளே கிடையாது, சிறுகிளையின் நுனியே குத்தும். விடத்தலையில் அதுவே இன்னும் தெளிவு. முள்ளின்மேலேயே இலை முளைத்திருக்கும். அது கிளை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். மழைக்குப்பின் அது பூக்கிறபோது மேல்பாதி ரோஸும் கீழ்பாதி மஞ்சளுமாகத் தொங்குவதைப் பார்த்தவர்கள் அந்தப் புதரை மறக்கமாட்டார்கள். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இதையெல்லாம் எனக்குப் பேராசிரியர்கள் சொன்னார்கள். அதற்கு முன்னாலேயே ஊரில் ஆடு மேய்த்த ஒரு பெரியம்மா வேறு மாதிரிச் சொல்லியிருந்தார். அவர் முள்ளை எண்ணமாட்டார். எந்தப் புதரை எந்த மாசத்தில் ஆடு கடிக்கும், எதைக் கடிக்காமல் முகர்ந்துவிட்டுப் போகும், எதன் பழத்தைப் பிள்ளைகள் தின்னலாம் என்பதுதான் அவர் கணக்கு. சங்கஞ்செடியில் சிலதில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பழம் இருக்கும். சிலதில் எத்தனை வருஷம் பார்த்தாலும் இருக்காது. "அது ஆம்பளச் செடி தம்பி, அது எங்கிட்டுக் காய்க்கும்?" என்று அவர் சொன்னபோது எனக்கு வயது பத்து இருக்கலாம். சங்கில் ஆண் வேறு, பெண் வேறு என்பதைப் பிற்பாடு பாடத்தில் படித்தபோது பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். ஹெர்பேரியத் தாளில் ஒட்டும் சீட்டில் வட்டாரப் பேர் எழுத ஒரு வரி இருக்கும். பலர் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். நான் விடுவதில்லை.

முள்செடியை அழுத்தி உலர்த்துவது ஒரு தனி வித்தை. கிளையை அப்படியே பேப்பரில் வைத்து இறுக்கினால் முள் அத்தனை அடுக்கையும் துளைத்துவிடும். அடிப்பக்கத்து முள்ளைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு, ஒரு கணுவையாவது முழுசாக விட வேண்டும். தினமும் பேப்பர் மாற்ற வேண்டும். உலர்ந்தபின் 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் தைக்க வேண்டும். உலர்ந்தால் நிறம் போய்விடும், பால் போய்விடும், வாசனையும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே அவற்றைச் செடி முன்னால் நின்றே நோட்டில் எழுதிவிட வேண்டும். மண்ணையும் எழுத வேண்டும். கரிசலா, செவலா, சுக்கான் கல் கிடக்கிறதா, பாறைச் சரிவா. மண்ணை எழுதாத சீட்டு என்னைப் பொறுத்தவரை பாதிச் சீட்டு.

இப்போது செல்போனில் படம் பிடித்தால் பேர் சொல்லும் செயலிகள் வந்திருக்கின்றன. தோட்டத்துச் செடிக்கு, பூத்திருக்கும்போது, நன்றாகவே சொல்கின்றன. சித்திரை மாதத்து மொட்டைப் புதரைக் காட்டிப் பாருங்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற முட்செடியின் பேரெல்லாம் வரும்.

ஆவாரை எங்கள் பக்கம் முள்ளில்லாமலே தப்பித்த செடிகளில் ஒன்று. இலைக்காம்படியில் காதுமடல் அளவுக்கு அகலமான செதில் இருப்பதால் பூவில்லாமலும் சொல்லிவிடலாம். பூ இருந்தால் லென்ஸில் பாருங்கள். சாதாரணமாகப் பூக்களின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துப் பொடியைக் காட்டும். ஆவாரையில் நுனியில் துளை விழும், அவ்வளவுதான். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த ரீங்காரத்தில் உப்புச் சீசாவைக் குலுக்கிய மாதிரி பொடி துளை வழியே கொட்டும். கத்தரிக்கும் தக்காளிக்கும் கண்டங்கத்தரிக்கும் இதே ஏற்பாடு. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத செடிகள் ஒரே உபாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே துளையை மட்டும் பார்த்துக் குடும்பம் சொல்லக்கூடாது.

இந்தத் துளைக் கதையின் இன்னொரு பாதியைக் கொடைக்கானலில்தான் பார்த்தேன். சேகரிப்பு வேலையாக மேலே போன காலம் அது. கரிசலில் வளர்ந்த எனக்கு அந்த மலைப் புதர்களில் ஒரு முகமும் தெரியவில்லை. முள்ளை எண்ணிப் பழகிய கைக்கு அங்கே எண்ண முள்ளே அதிகம் கிடைக்கவில்லை. சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவிலிருக்கும் ஓரத்தில் நின்ற புதர்களைக் காட்டிப் பேராசிரியர், "இது எரிக்கேசியே, ஹீத் குடும்பம்" என்றார். ஸ்காட்லாந்து மேடுகளை ஊதா நிறமாக்கும் ஹீத்தர் செடியும், சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் விற்கிறார்களே புளூபெர்ரி, அதுவும் இந்தக் குடும்பம். இங்கும் மகரந்தப்பை பெரும்பாலும் துளை வழியாகத்தான் திறக்கும். ஆனால் பொடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மணிகள் நான்கு நான்காக ஒட்டியிருக்கும். ஆவாரையில் தனித்தனி மணி. காட்டில் மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது?

காட்டில் நம்புவது மூக்கையும் விரலையும். கோல்தீரியா என்ற புதரின் இலையைக் கசக்கினால் வலிக்குத் தேய்க்கும் தைலம் மணக்கும். ஊட்டியில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்பது அந்த இலையிலிருந்து வடிப்பதுதான். அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலிக் களிம்புகளில் போடுகிற அதே சரக்கு. இலை ஓரம் நுண்ணிய பல்லாக இருக்கும், அடியில் பழுப்புப் புள்ளிகள். இந்த ஒன்றை மட்டும் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடலாம்.

வேக்சினியத்துக்கு அந்த மணம் இல்லை. புளூபெர்ரிக்கு நேர்ச் சொந்தம். தளிர் சிவந்து வரும். பூ கலய வடிவில் வாய் சிறுத்துத் தலைகீழாகத் தொங்கும். கோல்தீரியாவுக்கும் பூ அந்த வடிவம்தான், ஆகவே பழத்துக்குக் காத்திருப்பது நல்லது. வேக்சினியத்தின் சூலகம் இதழுக்குக் கீழே இருப்பதால் பழத்தின் உச்சியில் புல்லிவட்டம் கிரீடமாக மிஞ்சும். கோல்தீரியாவில் புல்லிவட்டமே சதைப்பற்றாகிக் கருநீலமாகக் காயை மூடிக்கொள்ளும். தென்னிந்திய மலைகளில் இருக்கிற இரண்டு வேக்சினியங்களுக்குப் பேர் வைத்தவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக வந்து செடிகளிடம் மாட்டிக்கொண்ட மனிதர். ஒன்றுக்கு நீலகிரியின் பேரையும், மற்றதற்குப் புதுச்சேரியில் தங்கிச் செடி சேகரித்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பேரையும் கொடுத்தார். வைட்டுக்காகச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்களின் பேர் இந்த நூற்றாண்டில்தான் வெளியே பேசப்படுகிறது. அவர்கள் கோடு போட்ட துல்லியத்துக்கு இவ்வளவு தாமதம் அநியாயம்.

மூன்றாவது ரோடோடென்ட்ரான்; காட்டுப் பூவரசு என்பார்கள். இது புதராகவும் நிற்கும், வளைந்த மரமாகவும் நிற்கும். பூக்கும்போது ரத்தச் சிவப்பு, குழந்தையும் காட்டும். பூக்காதபோது இலையைத் திருப்ப வேண்டும். கிளை நுனியில் கொத்தாகக் குவிந்த தடித்த இலை, அடியில் கம்பளி ஒட்டியதுபோல் ரோமம். காய் உலர்ந்து வெடிக்கும். பட்டை தடித்து வெடிப்பு விட்டிருக்கும். புல்வெளித் தீ ஓடிப்போன பிறகும் அது நிற்பதற்கு அந்தப் பட்டைதான் காரணம். இந்தியாவில் இதன் இனத்தார் பெரும்பாலும் இமயமலைப் பக்கம். இது மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப்பக்கம், தெற்கு மலை உச்சிகளில் தனியாகக் கிடக்கிறது.

கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், மலையில் நடக்கப்போன இடத்திலிருந்து படம் அனுப்பி, "மாமா, நம்ம காடு மாதிரியே காஞ்சு கெடக்கு, இது என்ன செடி?" என்று கேட்டான். செக்கச் சிவந்த வழவழத் தண்டு, தடித்த இலை, கலய வடிவப் பூ. சப்பரல் என்று அங்கே சொல்கிற வறண்ட புதர்க்காட்டில் நிற்கும் மான்ஸனிட்டா அது. ஹீத் குடும்பமேதான். ஆனால் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதால் படத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது. அங்கே இந்தச் செடியை அடையாளம் காண்பவர்கள் முதலில் குனிந்து அடித்தண்டைப் பார்க்கிறார்கள். மண்ணை ஒட்டிக் கட்டை வீங்கியிருந்தால் காட்டுத்தீக்குப் பிறகு அதிலிருந்து துளிர்க்கும் இனம். வீக்கமில்லாதது தீயில் செத்துப்போய் விதையிலிருந்து மீண்டும் வருகிற இனம். அடுத்த வருஷத்துப் பூங்கொத்து முந்தின கோடையிலேயே சிறு மொட்டாக உருவாகிக் காத்திருக்கும். பூ இல்லாத மாதங்களில் அந்த மொட்டுக்கொத்து எப்படி வளைந்திருக்கிறது, அதன் பூவடிச் செதில் இலைபோல் இருக்கிறதா, சின்னச் செதிலாகவே இருக்கிறதா என்று பார்த்தே இனம் பிரிக்கிறார்கள். பூவுக்குக் காத்திருக்க முடியாத தொழில்காரர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். அவனை அடித்தண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "பாம்பு இருக்கும் மாமா" என்றான். கரிசல்காட்டுப் பிள்ளை!

சரி, வறட்சியைத் தாங்குகிற ஹீத் புதர்கள் உலகத்தில் இருக்கும்போது எங்கள் காட்டில் ஒன்றுகூட ஏன் இல்லை? வெயில் ஒரு காரணம், மண் இன்னொரு பெரிய காரணம். கொடைக்கானல் மண்ணில் மழை காலம்காலமாகச் சுண்ணாம்பைக் கழுவிக் கொண்டுபோய்விட்டது. அது புளிப்பு மண். ஹீத் குடும்பத்தின் நுண்வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருந்து, அந்தப் புளிப்பு மண்ணின் மக்கலிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. எங்கள் கரிசலோ நேர் எதிர். சுக்கான் கல்லைப் பொறுக்கி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், அத்தனை சுண்ணாம்பு. சாத்தூர்ப் பக்கம் ஒரு முதலாளி மலையிலிருந்து அசேலியாத் தொட்டிகளை ஆசையாகக் கொண்டுவந்து, கரிசல் மண்ணில் இறக்கி நட்டு, போர் தண்ணீரும் விட்டார். அசேலியாவும் ரோடோடென்ட்ரான் சாதிதான். நரம்பு மட்டும் பச்சையாக, மீதி இலை மஞ்சளாக வெளுத்தது. நோய் என்று மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் அந்த வேருக்கு எட்டாது. அதைச் சொல்வதற்குச் செடியைப் பார்க்கவே வேண்டியதில்லை, காலடியைப் பார்த்தால் போதும்.

இதனால்தான் பட்டியல் எழுத உட்காரும்போது மண்ணை முதலில் எழுதுகிறேன். இந்த மண்ணில் எது இருக்கவே முடியாது என்று தெரிந்தால், இருக்கக்கூடியது நாலைந்துக்குள் சுருங்கிவிடும். மீதியை முள் பார்த்துக்கொள்ளும்.

இந்த அறிவு வயிற்றுப்பாட்டுக்கு வெளியேயும் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. சீமைக்கருவேலை ஒழிக்கும் வேலை 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி வேகமெடுத்தது. பிறகும் அங்கங்கே கண்மாய்களிலும் புறம்போக்கிலும் நடக்கிறது. ஒழிக்க வேண்டியதுதான், எனக்கு அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஜேசிபி ஓட்டுகிறவருக்கு முள் என்றால் முள்தான். ஒரு கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலோடு சேர்த்து உடைமரக் கன்றுகளும் விடத்தலையும் காரையும் சங்கும் ஒரே குவியலாகக் கிடந்ததைப் பார்த்தேன். கரையெல்லாம் சுத்தமாக இருந்தது. அடுத்த மழைக்கு அந்தச் சுத்தமான கரையில் முதலில் முளைத்தது சீமைக்கருவேல்தான். ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு போட்டுவிட்டுப் போகின்றனவே. 1926 வாக்கில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சி சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது, வேறு செடியைத் தொடவில்லை. ஜேசிபிக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது.

உடையையும் சீமைக்கருவேலையும் பிரிப்பது கஷ்டமே இல்லை. உடையில் ஒரே கிளையில் இரண்டு விதமான முள் இருக்கும்: நீளமான வெள்ளை முள்ளும், குட்டைக் கொக்கி முள்ளும். வளர்ந்தால் தலை குடையாக விரியும். பூ உருண்டை, வெளிர் நிறம். சீமைக்கருவேலில் முள் நேர், கிளை கணுவுக்குக் கணு நெளிந்து போகும், பூ மஞ்சள் கதிராகத் தொங்கும், நெற்று மஞ்சளாகத் தடித்திருக்கும். இந்த நாலு அடையாளத்தை ஓட்டுநருக்கு அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆகவே உங்கள் ஊர்க் கண்மாயிலோ தோட்டத்திலோ இயந்திரம் இறங்குவதற்கு முந்தின நாள் ஒருமுறை நடந்து பாருங்கள். உடை, விடத்தலை, காரை, சங்கு, களா, ஆவாரை நிற்கிற இடத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். எது எதென்று தெரியாவிட்டால் என்னைப் போன்ற ஆளைத் தேடி அலைய வேண்டாம். ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இன்னும் இருப்பார், அவருக்கு ஒருநாள் கூலியை முழுசாகக் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.